பேங்க் ஏலத்தில் வீடு: முன்பணம் கட்டும் முன் முடிக்க வேண்டிய சட்ட வேலைகள்



"மார்க்கெட்டில் 55 லட்சம் போற ஃபிளாட், பேங்க் ஏலத்தில் 40 லட்சத்துக்கு வந்திருக்கு. எடுக்கலாமா?" சம்பளம் வாங்குற நம்ம நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. எடுக்கலாம். ஆனா அந்தத் தள்ளுபடி எதுக்காக கிடைக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு எடுக்கணும்.

சாதாரணமாக ஒரு வீடு வாங்கும்போது, விற்பவர் நமக்காகச் சில வேலைகளைச் செய்து கொடுப்பார். மூலப்பத்திரத்தைக் காட்டுவார். வரி பாக்கியைக் கட்டி முடிப்பார். வீட்டைக் காலி செய்து சாவியைக் கையில் கொடுப்பார். "பின்னால் ஏதாவது வில்லங்கம் வந்தால் நானே பொறுப்பு" என்று கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பார். பேங்க் ஏலத்தில் இது எதையும் எதிர்பார்க்க முடியாது. "எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே" என்றுதான் அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். விற்பவர் செய்ய வேண்டிய வேலை முழுக்க உங்க தலையில் விழுகிறது. அந்த வேலைக்கான கூலிதான் தள்ளுபடி. வேலையைச் செய்யாமல் கூலியை மட்டும் வாங்கிக்கலாம்னு நினைக்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

வெப்சைட்டில் எப்படிப் பதிவு செய்வது, ஆன்லைனில் எப்படி ஏலம் கேட்பது என்பதெல்லாம் வீடியோவில் சொல்லியிருக்கேன். இந்தக் கட்டுரை அதற்கு முந்தைய கட்டத்துக்கு. இஎம்டி என்கிற முன்பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேங்க் எந்த உரிமையில் விற்கிறது?

நாம் பார்க்கும் பெரும்பாலான வீட்டு ஏலங்கள் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நடப்பவை. அடமானமாக வைத்த சொத்தை, கோர்ட்டில் கேஸ் போட்டு டிகிரி வாங்காமலே பேங்க் விற்கலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. ஆனா அதற்குப் படிப்படியான நடைமுறை இருக்கு.

முதல் படி: கடன் வாராக்கடன் ஆன பிறகு, பிரிவு 13(2)-ன் கீழ் பேங்க் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாக்கியைக் கட்ட கடன்தாரருக்கு 60 நாள் அவகாசம். அவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் பேங்க் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது படி: அப்பவும் பணம் வரவில்லை என்றால், பிரிவு 13(4)-ன் கீழ் சொத்தைச் சுவாதீனம் எடுப்பது. அந்த அறிவிப்பைச் சொத்தில் ஒட்ட வேண்டும். ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில் வெளியிட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: சொத்தை மதிப்பீடு செய்து, ரிசர்வ் பிரைஸ் என்கிற குறைந்தபட்ச விலையை முடிவு செய்து, ஏல அறிவிப்பு. முதல் ஏலம் என்றால் அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் நடுவில் 30 நாள் இருக்க வேண்டும். அந்த ஏலம் நடக்காமல் போய் மறுபடி ஏலம் வைத்தால் 15 நாள் போதும்.

"இதெல்லாம் பேங்குக்கும் கடன் வாங்கினவருக்கும் நடுவில் உள்ள விஷயம், எனக்கு எதுக்கு?" என்று தோன்றும். காரணம் இருக்கு. இந்தப் படிகளில் பேங்க் ஒன்றைத் தவறவிட்டிருந்தால், கடன்தாரர் டிஆர்டி என்கிற கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போய் ஏலத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்பார். அது ரத்தானால் வீடு உங்க கையை விட்டுப் போகும். கட்டின பணம் எப்போது திரும்பும், வட்டியோடு திரும்புமா என்பதெல்லாம் தீர்ப்பைப் பொறுத்தது. அதனால் பழைய ஓனருக்கு பேங்க் ஒழுங்காக நோட்டீஸ் கொடுத்ததா என்பது உங்க வீட்டின் அஸ்திவாரம் மாதிரி.

கெடு தவறினால் 25 சதவீதம் போச்சு

மாசச் சம்பளக்காரங்க அதிகம் அடிபடுறது இந்த இடத்தில்தான். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம்.

ரிசர்வ் பிரைஸ் 40 லட்சம். இஎம்டி வழக்கமாக 10 சதவீதம், அதாவது 4 லட்சம். போட்டியில் விலை ஏறி 44 லட்சத்துக்கு நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அன்றைக்கே, அல்லது அதிகபட்சம் அடுத்த வேலை நாளுக்குள், மொத்தத்தில் 25 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். 44 லட்சத்தில் 25 சதவீதம் 11 லட்சம். இஎம்டி 4 லட்சம் போக இன்னும் 7 லட்சம், ஒரே நாளில்.

மீதி 33 லட்சத்தை, ஏலம் உறுதி செய்யப்பட்டதிலிருந்து 15 நாளுக்குள் கட்ட வேண்டும். பேங்க் எழுத்துபூர்வமாக ஒத்துக்கொண்டால் இந்த அவகாசத்தை நீட்டலாம். அதற்கும் மூன்று மாதம்தான் உச்சவரம்பு. "மேனேஜர் சரின்னு சொன்னார்" என்பது எங்கேயும் செல்லாது.

கட்ட முடியவில்லை என்றால்? விதி 9(5) தெளிவாகச் சொல்கிறது: கட்டிய பணம் பறிமுதல், சொத்து மறு ஏலத்துக்குப் போகும். 4 லட்சம் இஎம்டி மட்டும் போகாது. 11 லட்சமும் போகும்.

"கோர்ட்டுக்குப் போய்க் கொஞ்சமாவது திரும்ப வாங்கிடலாம்" என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கே உதாரணம். ஏலம் எடுத்தவர் 3 கோடி ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டு மீதியைக் கட்ட முடியாமல் போனார். முழுத் தொகையையும் பறிப்பது அதிகம் என்று சென்னை உயர் நீதிமன்றம் பறிமுதல் தொகையைக் குறைத்தது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா மேல்முறையீடு செய்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பேங்க் பக்கம் தீர்ப்பு சொன்னது. 25 சதவீதம் முழுவதும் பறிமுதல் செய்தது செல்லும். கொஞ்சம் ரொம்ப விதிவிலக்கான சூழ்நிலைகளைத் தவிர கோர்ட் தலையிடாது.

இதில் நமக்கு என்ன பாடம்? "ஜெயிச்ச பிறகு ஹோம் லோனுக்கு அப்ளை பண்ணிக்கலாம்" என்ற திட்டம் வேலைக்கு ஆகாது. எல்லா பேங்கும் ஏலச் சொத்துக்கு லோன் தருவதில்லை. தருகிற பேங்கும் லீகல் ஒப்பீனியன், மதிப்பீடு எல்லாம் முடிக்க நாள் எடுக்கும். அதனால் ஏலத்துக்கு முன்பே லோன் கொடுக்கும் பேங்கிடம் ஏல அறிவிப்பையும் பத்திர நகல்களையும் காட்டி, "இந்தச் சொத்துக்கு, இந்தத் தொகை வரை, 15 நாளுக்குள் தர முடியும்" என்று எழுத்தில் வாங்குங்க. பல சமயம் ஏலம் விடுகிற பேங்கே லோனும் தரும், அங்கேயும் கேட்டுப் பாருங்க. எழுத்தில் கிடைக்கவில்லை, கையிலும் மீதிப் பணம் இல்லை என்றால் அந்த ஏலத்தை விட்டுடுங்க.

ஏல அறிவிப்பில் எதைத் தேடணும்?

முதலில் ஒரு எச்சரிக்கை. ஏல விவரத்தை பேங்கின் சொந்த வெப்சைட்டிலோ, பொதுத்துறை பேங்குகளின் ஏலங்களுக்காக 2025 ஜனவரியில் தொடங்கிய பேங்க்நெட் தளத்திலோ சரிபார்த்த பிறகுதான் பணம் அனுப்பணும். வாட்ஸ்அப்பில் வந்த அக்கவுண்ட் நம்பருக்கு இஎம்டி அனுப்பவே கூடாது.

அறிவிப்பில் பார்க்க வேண்டியவை:

சொத்து விவரம். சர்வே நம்பர், கதவு எண், நான்கு எல்லைகள், ஃபிளாட் என்றால் யுடிஎஸ் அளவு. அறிவிப்போடு நேரில் போய் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்க. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்க. ஏலத்தில் எடுத்தது ஒரு மனை, அடையாளம் காட்டியது வேறொரு மனை என்று ஆகிவிடக்கூடாது.

சுவாதீனம் எந்த வகை. "ஃபிசிக்கல்" என்றால் சாவி பேங்க் கையில் இருக்கு. "சிம்பாலிக்" என்றால் சுவரில் நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருக்கு, உள்ளே ஆள் இருக்கலாம்.

பேங்குக்குத் தெரிந்த வில்லங்கங்கள். தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை அறிவிப்பில் சொல்ல வேண்டியது பேங்கின் கடமை. அங்கே "தெரிந்தவரை எதுவும் இல்லை" என்று இருந்தால், வில்லங்கமே இல்லை என்று அர்த்தம் இல்லீங்க. பேங்குக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தேதிகள். 13(2) நோட்டீஸ் தேதி, சுவாதீன அறிவிப்பு தேதி, ஏல அறிவிப்பு வெளியான தேதி, ஏல தேதி. நாலையும் ஒரு பேப்பரில் எழுதி, மேலே சொன்ன 60 நாள், 30 நாள் கணக்கு சரியாக வருதான்னு பாருங்க. இரண்டு நிமிட வேலை.

நிலத்தின் வகை. விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு சர்ஃபாசி சட்டம் பொருந்தாது. பிரிவு 31 அதை விலக்கி வைக்கிறது. ஊருக்கு வெளியே மலிவாக ஒரு இடம் வந்தால், பட்டாவிலும் அடங்கலிலும் அது என்னவாக இருக்கு, உண்மையில் பயிர் நடக்குதா என்று பார்த்தே ஆகணும்.

டாக்குமெண்ட் வேலை

"பேங்கே லீகல் பார்த்துத்தானே லோன் கொடுத்திருக்கும்?" என்று கேட்பீங்க. பார்த்தது லோன் கொடுத்த அன்று. அதற்குப் பிறகு வருடங்கள் ஓடியிருக்கும். அந்த ஒப்பீனியனும் பேங்குக்காக எழுதியது, உங்களுக்காக எழுதியது இல்லை.

ஏலத்தை நடத்தும் அதிகாரிக்கு மெயில் போட்டு, கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பிளான் அப்ரூவல் ஆகியவற்றின் நகலைக் கேளுங்க. நேரில் வந்து பார்க்கச் சொன்னால் வக்கீலோடு போங்க.

பதிவுத்துறை வெப்சைட்டில் குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று எடுங்க. பேங்கின் அடமானப் பதிவைத் தவிர வேறு அடமானம், கோர்ட் ஜப்தி, வணிகவரித் துறை முடக்கம் என்று ஏதாவது பதிவாகியிருக்கா என்று பாருங்க. முறையாக செர்சாய் பதிவு செய்திருக்கும் பேங்குக்கு அரசு வரி பாக்கிகளைவிட முன்னுரிமை உண்டு என்று பிரிவு 26இ சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அது அமலில் இருக்கு. ஆனாலும் வில்லங்கச் சான்றில் ஏறிய அந்தப் பதிவை நீக்குவதற்கே ஹைகோர்ட் வரை போக வேண்டி வரலாம். அந்த வேலையை யார் செய்வது என்று ஏலத்துக்கு முன்பே பேங்கிடம் கேளுங்க.

செர்சாய் தளத்திலும் ஒரு தேடல் போடுங்க. ஒரே சொத்தை இரண்டு இடத்தில் அடமானம் வைத்திருந்தால் அங்கே தெரிய வாய்ப்பு உண்டு.

பட்டா யார் பெயரில் இருக்கு, புலப்படத்தில் அளவு சரியா என்று பாருங்க. பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களா என்பது முக்கியம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. ஒரு அக்காவோ தங்கையோ கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தால், பாகப்பிரிவினை வழக்கு உங்க வீட்டுக் கதவைத் தட்டும்.

ஃபிளாட் என்றால் அப்ரூவல் வாங்கின பிளானில் அந்தத் தளம் இருக்கா என்று எண்ணிப் பாருங்க. மூணு மாடிக்கு அனுமதி வாங்கி நாலு மாடி கட்டின கட்டடத்தில், ஏலத்துக்கு வருவது நாலாவது மாடியாகவும் இருக்கலாம்.

கேஸ் இருக்கா?

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய இடங்களில் டிஆர்டி இருக்கு. கடன்தாரர் பெயரையும் பேங்க் பெயரையும் வைத்து டிஆர்டி வெப்சைட்டில் தேடலாம். சிவில் வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். கடன்தாரர் மட்டும் இல்லை, ஜாமீன் போட்டவர், சொத்தின் கூட்டு உரிமையாளர் பெயர்களிலும் தேடுங்க.

பேங்க் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையை எதிர்த்தும் டிஆர்டி-க்குப் போக 45 நாள் அவகாசம் உண்டு. அதனால் இன்று கேஸ் இல்லை என்பதால் நாளைக்கும் வராது என்று சொல்ல முடியாது. ஏலம் எடுத்த பிறகு, "என்னைக் கேட்காமல் தடை கொடுக்கக் கூடாது" என்று டிஆர்டி-யில் கேவியட் மனு போடும் வழி சர்ஃபாசி சட்டத்திலேயே இருக்கு. உங்க வக்கீலிடம் இதை மறக்காமல் கேளுங்க.

ஒரு நல்ல விஷயமும் இருக்கு. முன்பெல்லாம் ஏலம் முடிந்த பிறகும் கடன்தாரர் முழுப் பாக்கியோடு வந்து "என் சொத்தை மீட்டுக்கிறேன்" என்பார். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே அவர் முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும். 2023 செப்டம்பரில் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. முறையாக நடந்த ஏலத்தில் எடுத்தவருக்கு இது பெரிய பாதுகாப்பு. "முறையாக நடந்த" என்ற வார்த்தையை மட்டும் கவனிச்சுக்கோங்க.

உள்ளே இருப்பவரை யார் வெளியேற்றுவது?

சிம்பாலிக் சுவாதீனத்தில் உள்ள வீட்டுக்கு, பிரிவு 14-ன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ பேங்க் மனு கொடுத்து, போலீஸ் உதவியோடு காலி செய்து வாங்க வேண்டும். சட்டத்தில் 30 நாள், காரணம் எழுதி மொத்தம் 60 நாள் வரை என்று கெடு உண்டு. நடைமுறையில் இதைத் தாண்டி மாசக்கணக்கில் இழுப்பது சாதாரணம்.

உள்ளே வாடகைதாரர் இருந்தால் இன்னொரு கேள்வி. அடமானத்துக்கு முன்பே முறையான ஒப்பந்தத்தோடு வந்தவரா, கடன் வாராக்கடன் ஆன பிறகு திடீரென்று முளைத்தவரா? முன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவர் கால அவகாசம் முடியும்வரை நீங்க வாடகை வாங்கும் ஓனராக மட்டும் இருக்க வேண்டி வரலாம். நேரில் போகும்போது வாடகை ஒப்பந்தம் எந்தத் தேதி, பதிவு செய்ததா, அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரிங்க.

பேங்கிடம் ஒரே கேள்வியை மெயிலில் கேளுங்க: "முழுப் பணமும் கட்டிய பிறகு, காலி வீடாக ஒப்படைக்கும் பொறுப்பு யாருடையது?" அந்தப் பதிலைப் பொறுத்து நீங்க கேட்கும் விலை மாறணும்.

பழைய பாக்கிகள்

சொத்து வரி, குடிநீர் வரி, அப்பார்ட்மெண்ட் பராமரிப்புக் கட்டணம், கரண்ட் பில். 2023 மே மாதம் கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய ஓனர் வைத்த மின் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு தருவோம் என்று மின்வாரியம் விதிமுறை வைத்திருந்தால் அது செல்லும் என்று சொன்னது. வீட்டுக்கு இது சில ஆயிரமாக இருக்கலாம். கடை, தொழிற்கூடம் என்றால் லட்சங்களில் போகும். ஏலத்துக்கு முன் மின் இணைப்பு எண்ணையும் சொத்து வரி எண்ணையும் வாங்கி ஆன்லைனில் பார்த்திடுங்க. அசோசியேஷன் செயலாளரிடம் பராமரிப்பு பாக்கியைக் கேளுங்க.

இப்போ உண்மையான தள்ளுபடி எவ்வளவு?

அதே உதாரணம். சந்தை விலை 55 லட்சம், ஏலத்தில் 44 லட்சம். பார்வைக்கு 11 லட்சம் லாபம். பத்திரச் செலவு எப்படி வாங்கினாலும் உண்டு, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஏலம் என்பதால் மட்டும் வரும் செலவுகளைப் பார்ப்போம்:

- பழைய பாக்கிகள்: 1,20,000
- வக்கீல், டாக்குமெண்ட் செலவு: 30,000
- பூட்டிக் கிடந்த வீட்டின் ரிப்பேர்: 2,00,000
- வீடு கைக்கு வரும்வரை 10 மாத வாடகை, மாதம் 18,000 வீதம்: 1,80,000

மொத்தம் 5,30,000. ஆக, மிச்சம் 5,70,000. காலி செய்ய 10 மாதத்துக்குப் பதில் 24 மாதம் ஆனால் வாடகை மட்டும் 4,32,000. மிச்சம் 3,18,000 ஆகச் சுருங்கிடும்.

கையில் ரொக்கம் எவ்வளவு வேணும்? 25 சதவீதம் 11 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வைத்தால் 3,96,000. பாக்கி, வக்கீல், ரிப்பேர் 3,50,000. மொத்தம் 18,46,000. இதில்லாமல் 33 லட்சம் லோனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஈஎம்ஐ ஏறக்குறைய 28,600. கூடவே வாடகை 18,000. மாசம் 46,600 ரூபாயை, காலியாகாத ஒரு வீட்டுக்காகச் சமாளிக்க முடியுமா? இதற்கு உங்க சம்பள ஸ்லிப்தான் பதில் சொல்லணும்.

இந்தக் கணக்கிலிருந்தே உங்க அதிகபட்ச ஏல விலை வந்துவிடும். அதை எழுதி வைங்க. ஏலத்தன்று ஸ்க்ரீனில் கவுண்ட்டவுன் ஓடும்போது அதைத் தாண்டாதீங்க.

ஜெயிச்ச பிறகு

முழுப் பணமும் கட்டியதும் பேங்க் விற்பனைச் சான்றிதழ் தரும். அதில் உங்க பெயர், சொத்து விவரம், வில்லங்கம் பற்றிய குறிப்பு எல்லாம் சரியா என்று வரிவரியாகப் படிங்க. மூலப்பத்திரங்களை லிஸ்ட் போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்க. பேங்கின் பழைய அடமானப் பதிவுக்கு ரசீது போட்டு முடித்துக் கொடுக்கச் சொல்லுங்க.

ஏல விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. அதற்குச் சொத்தின் ஓனருடைய பான் எண் வேணும். முன்கூட்டியே பேங்கிடம் வாங்கி வைங்க.

பதிவு விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் 2021, 2024 தீர்ப்புகளைத் தெரிஞ்சு வைங்க. சான்றிதழைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் நகலைச் சார்பதிவாளருக்கு அனுப்பி, பதிவுச் சட்டம் 89(4)-ன்படி அவருடைய புத்தகத்தில் சேர்த்தால் போதும். நீங்களே பதிவுக்குக் கொடுத்தால் முத்திரைத்தீர்வை வரும். எந்த வழி உங்களுக்கு ஏற்றது, லோன் தரும் பேங்க் எதைக் கேட்கிறது என்பதை வக்கீலிடம் பேசி முடிவு பண்ணுங்க. பட்ஜெட்டில் மட்டும் அந்த 9 சதவீதத்தை ஒதுக்கி வைங்க. பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம்.

ஏலத்துக்கு வருவது உங்க வீடாக இருந்தால்?

வேலை போய், ஈஎம்ஐ நின்று, இந்தப் பக்கம் நிற்கும் நண்பர்களும் இருக்காங்க. இதே சட்டத்தில் உங்களுக்கும் நாள் கணக்கு இருக்கு.

13(2) நோட்டீஸ் வந்தவுடன் ஒளிந்துகொள்ளாமல் வாங்குங்க. 60 நாளுக்குள் தொகையில் தப்பிருந்தால் எழுதிக் கொடுங்க, மறுசீரமைப்பு கேளுங்க. அந்த நோட்டீஸுக்குப் பிறகு பேங்கின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கக் கூடாது. சம்மதத்தோடு விற்கலாம். நீங்களே வாங்குபவரைத் தேடிப் பிடித்து சந்தை விலைக்கு விற்று லோனை முடித்தால், ஏலத்தில் போவதைவிடக் கையில் அதிகம் நிற்க வாய்ப்பு உண்டு. ஆனா ஏல அறிவிப்பு பேப்பரில் வருவதற்கு முன்பே இதை முடிக்கணும். அறிவிப்பு வந்துவிட்டால் மீட்கும் உரிமை போய்விடும்.

ஏலத்தில் போனாலும், பாக்கியும் செலவும் போக மிஞ்சும் தொகை உங்களுக்குச் சேர வேண்டியது. பிரிவு 13(7) அதைத்தான் சொல்கிறது. கேட்டு வாங்குங்க.

30 நாள் பிளான்

- முதல் வாரம்: நேரில் பார்ப்பது, வில்லங்கச் சான்று, பட்டா, கேஸ் தேடல். பெரிய குறை தெரிந்தால் இங்கேயே நிறுத்திடலாம், செலவு சில நூறுதான்.
- இரண்டாவது வாரம்: பேங்கிடம் பத்திர நகல், மெயிலில் கேள்விகள், வக்கீலிடம் உங்களுக்கான லீகல் ஒப்பீனியன்.
- மூன்றாவது வாரம்: லோன் கடிதம், ரொக்கக் கணக்கு, அதிகபட்ச விலை.
- கடைசி வாரம்: எல்லாம் சரியாக வந்தால் மட்டும் இஎம்டி. அதன் கடைசி தேதி ஏல தேதிக்கு முன்பே முடிந்துவிடும், பார்த்து வைங்க.

மறு ஏலம் என்றால் உங்களுக்கு 15 நாள்தான். அந்த 15 நாளுக்குள் இந்த வேலை முடியவில்லையா? அந்த வீட்டை விடுங்க. அடுத்த மாசமும் ஏலம் வரும்.

இது பொதுவான புரிதலுக்காக எழுதியது. உங்க சொத்துக்கு உங்க பத்திரத்தைப் படித்த வக்கீல் சொல்வதுதான் கணக்கு. அந்த ஃபீஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!